டீசல் பூல் ஹீட்டர் சர்வீஸ்: ஆளு லேட்டு, வேலை சுத்தம்

மதுரைல எதுக்குயா பூலுக்கு ஹீட்டர்னு கேக்காதீங்க, மார்கழி காலைல நீச்சல் கத்துக்க வர்ற சின்னப்பசங்களுக்கு பல்லு தந்தியடிக்கும். அழகர்கோவில் ரோட்டுல நம்ம பூல்ல இருக்கறது டீசல்ல ஓடுற பழைய ஹீட்டரு, ஒரு வாரமா கரும்புகையா கக்குச்சு. மாட்டுத்தாவணி பக்கமிருந்து வந்த மெக்கானிக் அண்ணே டீசல் எரியுற பர்னரைக் கழட்டிப் பாத்துட்டு, டீசலைப் பீச்சுற நாசில் அடைச்சிருக்குன்னாரு, கம்பி விட்டு குத்திறலாமாண்ணேன்னு கேட்டேன், "அப்பு, ஓட்டை பெருசாச்சுன்னா டீசல் சாரலா தெறிக்காம ஒழுகும், கரிதான் மிச்சம், புதுசு போடு"ன்னுட்டாரு. பில்டர் மாத்தி, உள்ள அப்பியிருந்த கரியை பிரஷ் போட்டு வழிச்சு, டேங்க் அடில தேங்குன தண்ணியையும் வடிச்சுவிட்டாரு. பூல் தண்ணி பிஎச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) 7.2க்கு கீழ போனா ஹீட்டரோட செம்புக்குழாயை அரிச்சிரும்னு எனக்குத் திட்டு வேற. 10 மணின்னா 1 மணிக்குதான் வருவாரு, அது ஒண்ணுதான் கடுப்பு. இப்ப புகையே காணோம்.