வைட்டமின் டி கிடைக்கும் என்று சொல்லி சன்பெட்டுக்குள் ஏற்றுகிறார்கள், ஏமாறாதீர்கள்

இங்கிலாந்துக்குப் புதிதாகப் படிக்கவும் வேலை பார்க்கவும் வந்திருக்கிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். இங்கே கடைவீதிகளில் சன்பெட் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். புற ஊதாக் குழல்விளக்குகள் பொருத்திய பெட்டிக்குள் ஆளைப் படுக்க வைத்தோ நிற்க வைத்தோ தோலைக் கறுக்க வைக்கும் கடைகள் அவை. நாம்தான் பிறவியிலேயே அந்த நிறத்தோடு வந்திருக்கிறோமே, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கடைக்காரர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. ஆளைப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்ணுக்கு டேன், நமக்கு வைட்டமின் டி, கல்யாணம் காட்சி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் கூடவே ‘க்ளோ’.

நான் இருப்பது லிவர்பூல் பக்கம். நவம்பர் பிறந்தால் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஹீட்டர் சூட்டில் முகம் காய்ந்து சாம்பல் பூத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்திருந்தது. தங்கை கல்யாணத்துக்கு மதுரை போக டிக்கெட்டும் போட்டாயிற்று. கண்ணாடியில் ‘வைட்டமின் டி பூஸ்ட்’ என்று பெரிதாக ஒட்டியிருந்த கடையில் விசாரிக்கப் போனபோது இது இரண்டையும் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். “உங்க மாதிரி தோலுக்குத்தான் இது ரொம்ப அவசியம். மாத்திரையை விட இயற்கையானது” என்று ஆரம்பித்துவிட்டாள். 60 நிமிடம் 40 பவுண்டு. நிமிடக் கணக்கில் மொத்தமாக விற்பார்கள், நாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது போக ஒரு சின்ன லோஷன் பாக்கெட் 5 பவுண்டு, கண்மேல் ஒட்டிக்கொள்ளும் மூடி 1 பவுண்டு.

இப்போது நான் சொல்ல வந்த இடம். உள்ளே விடுவதற்கு முன் ஒரு படிவம் உண்டு. தோல் வகை என்ன, மச்சங்கள் எத்தனை, வீட்டில் யாருக்காவது தோல் புற்றுநோய் வந்திருக்கிறதா, இப்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்கும். அதை அந்தப் பெண் தன் பக்கமே திரையை வைத்துக்கொண்டு தானே தட்டிக்கொண்டு போனாள். என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தோல் வகைக்கு 5 போட்டாள் (மிக வெளுத்த தோல் 1, மிகக் கறுத்தது 6). மருந்து என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்கவே இல்லை, ‘இல்லை’ என்று விரல் போய்விட்டது. கையெழுத்துக்கு மட்டும் திரை என் பக்கம் திரும்பியது. “உங்க தோல் நல்லாத் தாங்கும்” என்று முதல் நாளே 12 நிமிடம், அதுவும் இருப்பதிலேயே சக்தி கூடிய நிற்கும் பெட்டியில்.

அன்று ராத்திரி நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, தோள்பட்டை எல்லாம் மிளகாயை அரைத்துப் பூசியது போல எரிந்தது. நம் நிறத்தில் வெள்ளைக்காரர்கள் மாதிரி பளிச்சென்று சிவக்காது, ஒரு மாதிரி கருஞ்சிவப்பாக, தொட்டால் கொதிக்கும். மூடி ஒட்டியிருந்த இடம் மட்டும் தப்பித்துக் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம்.

மறுநாள் மருந்துக்கடையில் இருந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “தங்கச்சி, இப்ப என்ன குளிசை எடுக்கிறீங்கள்?” முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் என்றேன். “அதோட போய் உந்தப் பெட்டிக்குள்ள நிண்டனீங்களோ? அவங்கள் ஒண்டும் கேக்கேல்லையோ?” என்றார். அவர் காட்டிய மருந்துத் தாளில் வெயிலும் சூரிய விளக்கும் ஆகாது என்று அச்சிலேயே இருந்தது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது புற ஊதாவில் யூவிஏ என்ற வகைக் கதிர் பட்டால் தோல் வெந்துபோகும். படிவத்தில் அந்தக் கேள்வியை வைத்திருப்பதே இதற்காகத்தான். சில பிபி மாத்திரைகள், வேறு சில ஆன்டிபயாடிக்குகள், பருவுக்குக் கொடுக்கும் ரெட்டினாய்டுகள் எல்லாம் இதே ரகம்தான்.

அடுத்து அந்த வைட்டமின் டி கதை. தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது புற ஊதாவின் இன்னொரு வகையான யூவிபி கதிர். சன்பெட் குழல்களில் வருவது பெரும்பாலும் யூவிஏ, யூவிபி சொற்பம். யூவிஏ ஏற்கெனவே தோலில் இருக்கும் நிறமியைக் கறுக்க வைக்கும், ஆழமாக இறங்கிச் சுருக்கம் கொண்டுவரும், மங்கு இருப்பவர்களுக்கு அதைக் கிளப்பிவிடும். வைட்டமின் டி கணக்கில் அதனால் பைசா பிரயோஜனமில்லை. அதிலும் நம் தோலில் மெலனின் என்ற அந்த நிறமி அதிகம், அதே அளவு வைட்டமினுக்கு வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் யூவிபி பட வேண்டும். ‘நம்ம தோல் தாங்கும்’ என்று அவர்கள் நிமிடத்தைக் கூட்டக் கூட்ட, கூடுவது வேண்டாத கதிர்தான். பெட்டிகளின் சக்தியும் நம்பும்படி இல்லை. இங்கிலாந்து முழுக்கச் சில நூறு சன்பெட்களை அளந்து பார்த்து 2013-இல் வெளிவந்த ஆய்வில் பத்துக்கு ஒன்பது பெட்டிகள் ஐரோப்பிய வரம்பைத் தாண்டியிருந்தன.

2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சன்பெட்டைப் புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் முதல் வகைப் பட்டியலில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு பிரேசில் தடை போட்டது. ஆஸ்திரேலியாவில் கிளேர் ஆலிவர் என்ற மெல்போர்ன் பெண் மெலனோமா என்ற தோல் புற்றுநோயோடு போராடிக்கொண்டே சன்பெட்டுக்கு எதிராகப் பேசி, 2007-இல் 26 வயதில் இறந்துபோனார். அங்கே மாநிலம் மாநிலமாகத் தடை வந்து 2016 தொடக்கத்தில் எல்லா மாநிலங்களிலும் கடைகள் மூடியாயிற்று. இங்கே 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை விடக்கூடாது என்று 2010-இல் ஒரு சட்டம் போட்டதோடு சரி. நமக்கு மெலனோமா வரும் வாய்ப்பு வெள்ளைக்காரர்களைவிடக் குறைவுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. நம்மை உடனே பிடிப்பது கரும்புள்ளி. வெந்த தோல் உரிந்து போனபின் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். என் கல்யாண போட்டோக்களில் அது அப்படியே இருக்கிறது. தங்கையின் கல்யாண போட்டோ என்று சொல்ல வேண்டும், சித்திமார் எல்லாரும் மணமகளை விட்டுவிட்டு என் முகத்தைத்தான் விசாரித்தார்கள்.

முகம் உரிந்துகொண்டிருந்த நிலையில் அந்தச் சன்பெட் கடைக்குத் திரும்பப் போனபோது மேலாளர் சொன்னது இரண்டே வார்த்தை: “கையெழுத்துப் போட்டிருக்கீங்க.” மீதி நிமிடத்துக்குப் பணம் கிடையாதாம். அதைவிட மோசம், “நேரத்தைக் குறைச்சுக்கலாம், இதை மூக்கில் அடிச்சா சீக்கிரம் நிறம் பிடிக்கும்” என்று கவுன்டருக்கு அடியிலிருந்து லேபிள் சரியில்லாத ஒரு ஸ்பிரே. இந்த மூக்கு ஸ்பிரேக்களில் இருப்பது பெரும்பாலும் மெலனோடன் 2 என்ற, தோலைக் கறுக்க வைக்கும் ரசாயனம். பிரிட்டனில் மருந்தாக உரிமம் இல்லாதது, விற்பதே சட்டவிரோதம். குமட்டல், வாந்தி வரும், மச்சங்கள் உருமாறும். யாராவது நீட்டினால் தொடாதீர்கள்.

சரி, வைட்டமினுக்கு என்னதான் வழி? அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இந்த நாட்டு வெயிலில் அதற்குப் போதுமான யூவிபி கிடையாது. தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 ஐயூ மாத்திரை போடச் சொல்கிறது இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ். தெற்காசியத் தோல்காரர்கள் வருஷம் முழுக்கவே போடுவதை யோசிக்கச் சொல்கிறார்கள். ரத்தத்தில் குறைவு என்று வந்திருந்தால் எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். சூப்பர்மார்க்கெட்டில் சில பவுண்டுக்கு மாதக்கணக்கில் வரும் டப்பா கிடைக்கிறது. மத்தியும் அயிலையும் கிடைத்தால் குழம்பு வையுங்கள், அதிலும் உண்டு.

முகப்பொலிவுக்கு வருகிறேன். குளிர்காலத்தில் நம் தோல் மங்குவது பெரும்பாலும் வறட்சியால். கொதிக்கக் கொதிக்க ஷவரில் நிற்பதை முதலில் நிறுத்துங்கள். குளித்து ஈரம் காயும் முன்பே கிளிசரினோ யூரியாவோ உள்ள கிரீமைத் தடவினால் சில நாளிலேயே சாம்பல் போய்விடும். தேங்காய் எண்ணெய் கைகால்களுக்கு அருமை, பரு வரும் முகத்துக்கு வேண்டாம். கரும்புள்ளி இருந்தால் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் வாங்குங்கள், வெள்ளைச் சன்ஸ்கிரீன் நம் முகத்தில் விபூதி பூசின மாதிரி நிற்கும். விசேஷத்துக்கு மினுமினுப்பு வேண்டுமென்றால் பொன்னிற ஹைலைட்டர் ஒரு துளி, ராத்திரி கழுவிவிடலாம். டிஹெச்ஏ என்ற நிறமேற்றும் பொருள் கலந்த செல்ஃப் டேன் லோஷன் மேல்தோலின் செத்த செல்களில் மட்டும் நிறமேற்றும், ஒரு வாரத்தில் போய்விடும். நம் நிறத்துக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. வெண்புள்ளியை மறைக்கச் சிலருக்கு உதவுகிறது. அதைப் பூசினால் வெயிலிலிருந்து பாதுகாப்பு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய தகவலை அவர்கள் கொடுத்தாக வேண்டும். முகத்தைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வைட்டமின் விளம்பரத்தையும் படம் எடுங்கள், அது புகார் செய்ய உதவும். சன்பெட் உடம்புக்கு நல்லது என்கிற விளம்பரங்களை விளம்பரத் தர ஆணையம் ஏற்கெனவே தடை செய்திருக்கிறது. பணத்துக்கு 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. நியாயமான கவனத்தோடு சேவை செய்யவில்லை என்று கடைக்கு எழுத்தில் கொடுங்கள், மசியாவிட்டால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், கடைகளைக் கண்காணிக்கும் உள்ளாட்சித் துறையான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கடையிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கித் தரக் கேட்டுப் பாருங்கள். எனக்குப் பயன்படுத்தாத நிமிடங்களின் பணம் அப்படித்தான் திரும்பி வந்தது. லோஷன் பாக்கெட்டுக்கும் கண்மூடிக்கும் கொடுத்த 6 பவுண்டு போனது போனதுதான்.