மூன்றாம் மாடி ஸ்விட்ச்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

வேலூர் சி.எம்.சி. பக்கம் லாட்ஜில் அறை எடுப்பவர்கள் முதலில் கேட்பது வெந்நீர், அடுத்தது வைஃபை. சிகிச்சைக்கு வந்த வங்காளக் குடும்பங்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஊருக்கு வீடியோ கால் போட்டால் போதும், மூன்றாம் மாடியிலிருந்து ஐ.பி. ஃபோனில் (நெட் கேபிளிலேயே ஓடும் ஃபோன்) பேசுவது ரிசப்ஷனில் எனக்கு உடைந்து உடைந்து கேட்கும். நான் பேசுவது மட்டும் அவர்களுக்குத் தெளிவாகப் போகும்.

மாடியிலிருந்து கீழே வரும் பழைய கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 12 கேமரா, தலைக்கு 4 எம்பிபிஎஸ், பாதி அதிலேயே காலி. சுவரை உடைக்க முதலாளி சம்மதிக்கவில்லை. அதனால் 16 போர்ட் ஸ்மார்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் (பல கேபிள்களை இணைத்து, எதை முன்னால் விடுவது என்று நாமே சொல்லக்கூடிய பெட்டி) ஒன்று வாங்கி மாடியில் மாட்டினேன்.

ஃபோன் தன் பாக்கெட்டில், அதாவது அனுப்பும் சிறு தரவுப் பொட்டலத்தில், டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமை எண்ணைக் குறித்துத்தான் அனுப்புகிறது. ஸ்விட்ச் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கும்போதே, எந்த போர்ட்டில் வந்தது என்று மட்டும் பார்க்கும் போர்ட் வாரி முன்னுரிமையில் இருந்தது. டிஎஸ்சிபி முறைக்கு மாற்றி, 46-ஐ மேல் வரிசையில் வைத்து, அதற்கு மட்டும் ஸ்ட்ரிக்ட் (எப்போதும் அதுதான் முதலில்) கொடுத்தேன். கேமராக்களில் 34 என்று குறித்து, அந்த வரிசைக்கு வெயிட் 4, வைஃபைக்கு 1; மிச்ச இடத்தை இந்த விகிதத்தில் பிரித்துக்கொள்ளும். ஒரு ஃபோன் பேச்சுக்கு 100 கேபிபிஎஸ்கூட, அதாவது 0.1 எம்பிபிஎஸ்கூட ஆகாது. ஓ.பி. வரிசையில் ‘ஒரு கையெழுத்து மட்டும்தான்’ என்பவரை முன்னால் விடுகிற மாதிரி, யாருக்கும் நஷ்டமில்லை. அன்று ராத்திரியே கரகரப்பு நின்றது.

வைஃபை போர்ட்டுக்கு வேக உச்சவரம்பு வைக்கும் ரேட் லிமிட்டில்தான் மாட்டிக்கொண்டேன். எம்பிபிஎஸ் என்று நினைத்து 20 போட்டேன், அது கேபிபிஎஸ். அரை மணி நேரத்தில் மாடியே இறங்கி வந்துவிட்டது. 20000 என்று போட வேண்டும். அப்புறம் இன்கிரஸ் என்பது போர்ட் வழியாக ஸ்விட்சுக்குள் வருவது, அதாவது வைஃபைக்காரர்களின் அப்லோட். அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதில் ஒரு நாள் போனது.

பெரிய குறை ஒன்று. அப்ளை கொடுத்தால் மட்டும் போதாது, தனியாக சேவ் அழுத்த வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் பழையபடி. ஓர் எச்சரிக்கை வரிகூடக் காட்டாது. கோடையில் மூன்று முறை பட்டேன், இதற்கே ஒன்றரை மார்க் கழித்தேன்.

நெட் லைனே மந்தம் என்றால் இதை வாங்காதீர்கள், அது ரவுட்டரில் பார்க்கிற வேலை. எனக்கு 5-க்கு 3.5. ஃபேன் இல்லாததால் சத்தமும் இல்லை.

நேற்று ஒன்பதரைக்கு மூன்றாம் மாடியிலிருந்து ஃபோன். வெந்நீர் வரவில்லையாம். ஒரு எழுத்து விடாமல் கேட்டது.