கோபோ டூல்பாக்ஸ்: கம்பெனிகளில் ஸ்கில் சர்வே எடுக்கத் தோதானதா?

எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, இருக்கிறவர்களுக்கு என்ன தெரியவில்லை, யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள் என்று முதலாளிகளிடம் கேட்க வேண்டுமென்றால் பலரும் முதலில் திறப்பது கூகுள் ஃபார்ம்ஸைத்தான். அது சீக்கிரமே மூச்சு வாங்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொண்டால் பவர் டேபிள், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஏழெட்டு வகை வேலை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அதே ஆறு கேள்வி திரும்பத் திரும்ப வர வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸில் பகுதிகளை நகலெடுத்து ஒட்டலாம். ஏழு ஒட்டி வைத்த பிறகு எட்டு வகை வேலை உள்ள கம்பெனி வந்தால் போச்சு.

கோபோ டூல்பாக்ஸ் என்ற சர்வே கருவியில் இதற்கென்றே 'ரிப்பீட் குரூப்' இருக்கிறது: ஒரே கேள்விக் கொத்தை வேண்டிய அளவு திரும்பத் திரும்பக் கேட்கும் வசதி. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நிவாரணப் பணிக்கான கணக்கெடுப்புக் கருவியாகப் பிறந்தது கோபோ. ஒரு வீடு, அதில் பல ஆட்கள் என்ற அமைப்பு அதற்குப் பழக்கம். ஒரு கம்பெனி, அதில் பல வேலைகள் என்பதும் அதே கணக்குத்தான். இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைக்கலாம். 300 கம்பெனி அளவிலான சர்வேக்கு இலவசக் கணக்கே தாராளம்.

படிவத்தை இணையப் பக்கத்திலேயே இழுத்து வைத்துக் கட்டலாம். ஆனால் எக்செல்லில் எழுதி ஏற்றுவதே நல்லது. முதலில் வேலை வகைகளை ஒரு பல தேர்வுக் கேள்வியாக வைத்து, எத்தனை டிக் விழுந்ததோ அத்தனை முறை ரிப்பீட் குரூப் வரும்படி ரிப்பீட் கவுன்ட் பத்தியில் எழுதுங்கள். இங்கே எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: ஒவ்வொரு சுற்றிலும் 'ஓவர்லாக் டெய்லர்' என்ற பெயருக்குப் பதில் அதன் குறியீட்டு எண் திரையில் வந்து நிற்கும். எண்ணைப் பெயராக மாற்றும் 'சாய்ஸ் நேம்' ஃபங்ஷனைத் தனிக் கணக்கீட்டு வரியாகச் சேர்த்தால் சரியாகிவிடும். தமிழ், ஆங்கிலம் இரண்டும் வைத்தால் கேள்விகளோடு விடைத் தேர்வுகளுக்கும் இரண்டு பத்தி வேண்டும். விட்டால் போனில் வெறும் கோடுதான் தெரியும்.

கட்டுப்பாடு போடுவதில் கோபோ கெட்டிக்காரன். 'வேலையை முழுசாகச் செய்யத் தெரிந்தவர்கள்' எண்ணிக்கை மொத்த ஆட்களைத் தாண்டினால் அடுத்த கேள்விக்கே போகவிடாது. அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைக்காதீர்கள். எல்லா வேலைகளின் ஆட்களும் கூட்டி வருவது கம்பெனி மொத்தத்துக்குச் சமமாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், சர்வே எடுப்பவர் எண்ணை வளைத்துப் பொருத்திவிட்டுப் போவார். அந்த இடத்தில் எச்சரிக்கைக் குறிப்பு மட்டும் போதும்.

கேள்வி சரியில்லை என்றால் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. 'திறன் பற்றாக்குறை உண்டா?' என்று கேட்டால் எல்லா முதலாளியும் உண்டு என்பார். பிரிட்டனின் எம்ப்ளாயர் ஸ்கில்ஸ் சர்வே இதை இரண்டாகப் பிரிக்கிறது. 2022இல் 72,918 நிறுவனங்களைப் பேட்டி எடுத்தார்கள். காலியிடங்களில் 36 சதவீதம் திறமையோ தகுதியோ அனுபவமோ உள்ள ஆள் கிடைக்காததால் நிரம்பாதவை. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களில் 5.7 சதவீதம் பேர்தான் முழுத் தேர்ச்சி இல்லாதவர்கள். முதல் சதவீதம் மொத்தக் காலியிடங்களை வைத்துப் போட்டது, இரண்டாவது மொத்த ஆட்களை வைத்து. படிவத்தில் இரண்டையும் ஒரே கேள்வியாகக் குழைத்தால் பயிற்சி யாருக்கு என்பதே தெரியாமல் போகும். கூடவே அந்தக் காலியிடத்துக்குக் கொடுக்கும் பீஸ் ரேட் அல்லது ஷிப்ட் சம்பளத்தையும் கேளுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்பது பல இடங்களில் அந்தச் சம்பளத்துக்குக் கிடைக்கவில்லை என்பதுதான். கான்ட்ராக்டில் வரும் டெய்லர்களை முதலாளி தன் ஆட்களாக எண்ண மாட்டார். 'நேற்று லைனில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்' என்று கேட்டால் உண்மை எண் வரும்.

வேலைகளுக்கு இந்தியாவின் என்சிஓ 2015 (தேசியத் தொழில் வகைப்பாடு) குறியீட்டை நான்கு இலக்கத்தில் வைத்தால் பிறகு ஒப்பிட வசதி. ஆனால் தையல் மெஷின் ஓட்டுபவர்கள் எல்லாம் 8153க்குள் அடங்கிவிடுவார்கள். ஓவர்லாக்கும் பேட்லாக்கும் தனித்தனியாகத் தெரிய உள்ளூர்ப் பெயர்ப் பத்தி ஒன்று அவசியம்.

குறைகளுக்கு வருவோம். கோபோ கலெக்ட் செயலி ஆண்ட்ராய்டுக்கு மட்டும். ஐபோனில் பிரவுசர் வழியாகத்தான். அனுப்பாத படிவங்கள் பிரவுசரிலேயே தங்கியிருக்கும்போது யாராவது அதன் சேமிப்பைத் துடைத்தால் அத்தனையும் போய்விடும். சர்வே நடுவில் ஒரு கேள்வியின் உள்பெயரை (தரவுப் பத்திக்குத் தலைப்பாக வரும் பெயர்) மாற்றினால் தரவு இரண்டு பத்தியாகப் பிளக்கும். திரையில் தெரியும் வாசகத்தை மட்டும் மாற்றுங்கள். திருத்திய பிறகு மறுபடி டிப்ளாய் செய்து (அதாவது புதுப் படிவத்தை வெளியிட்டு), எல்லாப் போன்களிலும் புதுப் படிவத்தை இறக்கச் சொல்ல வேண்டும். ஒரு போன் விட்டுப்போனாலும் பழைய கேள்விதான் போய்க்கொண்டிருக்கும். எந்தக் கம்பெனிக்கு எத்தனை முறை போன் போட்டோம், யார் மறுத்தார்கள் என்ற கணக்கை வைத்துக்கொள்ள இதில் தனி வசதி கிடையாது. அதற்கு வேறு எக்செல் ஷீட்டும், கம்பெனிக்கு ஒரு எண்ணும் வேண்டும்.

பெரிய தலைவலி தரவை இறக்கும்போது வரும். சிஎஸ்வியாக (ஒரே அட்டவணை கொண்ட எளிய கோப்பாக) இறக்கினால் ரிப்பீட் குரூப் தரவு வரவே வராது. எக்செல்லாக இறக்குங்கள்: கம்பெனிகள் ஒரு ஷீட்டிலும் வேலைகள் இன்னொன்றிலும் இருக்கும். இரண்டையும் இணைக்க அதிலுள்ள இண்டெக்ஸ் எண்ணை நம்பினால், அடுத்த வாரம் இறக்கும் கோப்பில் அது மாறியிருக்கலாம்; ஒவ்வொரு படிவத்துக்கும் கோபோ கொடுக்கும் மாறாத சப்மிஷன் ஐடியை வைத்து இணையுங்கள். இரண்டாவது ஷீட்டில் ஒரு வரி என்பது ஒரு வேலை. அதை ஒரு கம்பெனியாக எண்ணி 'பாதிக் கம்பெனிகளில் ஆள் பற்றாக்குறை' என்று எழுதினால், ஏழு வகை வேலை உள்ள கம்பெனி ஏழு தடவை ஓட்டுப் போட்ட கதைதான்.