அப்பாவின் மாத்திரை டப்பா: ஆறு ஆண்டுகளாக மருந்துச் செலவைக் குறைத்த அனுபவம்

2019 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மாத்திரை டப்பாவைத் துடைத்து அடுக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. மாதம் முடியப்போகிறது, அட்டைகளில் பாதி அப்படியே இருந்தன. சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறார். கேட்டதற்கு, "மாதாமாதம் மூவாயிரத்தை மருந்துக் கடையில் கொட்டினால் வீடு எப்படியப்பா நடக்கும்?" என்றார். நான் கொடுக்கும் பணத்தை அவர் தொடமாட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்போது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து மாத மருந்துச் செலவு 3,200 ரூபாய். நடுவில் விலை உயர்ந்த மருந்து ஒன்று கூடியும்கூட, இன்று 1,200 ரூபாய்க்குள் முடிகிறது. மருந்து வாங்குவதை ஒத்திப்போடும் எல்லா வீடுகளுக்கும் இது தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் செய்தது ஒரு நோட்டுப் போட்டதுதான். ஒவ்வொரு அட்டையின் பின்புறத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, கம்பெனி வைத்த பெயரை ஒரு பக்கமும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் மறுபக்கமும் எழுதினேன். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் 40, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 10, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500, வில்டாகிளிப்டின் 50. விலை கேட்பதற்கு இந்த இரண்டாவது பெயர்தான் தேவை. சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால், மருந்தாளுநர் தானாக வேறொரு கம்பெனியின் மருந்தை மாற்றித் தர விதியில் இடமில்லை. அதனால் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடமே போனேன். கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கம் இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே மூலப்பெயர்களில் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். "முதல் மூன்று மாதம் வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள்" என்று மட்டும் சொன்னார். கேட்பதில் தவறே இல்லை. இத்தனை காலம் கேட்காமல் அதிகமாகப் பணம் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

அந்தச் சீட்டுடன், மத்திய அரசுத் திட்டத்தில் மலிவு விலையில் மருந்து விற்கும் மக்கள் மருந்தகத்துக்கு, அதாவது ஜன் ஔஷதி கடைக்குப் போனேன். டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாட்டின், மெட்ஃபார்மின் மூன்றுக்கும் வழக்கமாக 500 ரூபாயைத் தாண்டும். அங்கே 150 ரூபாய்க்குள் முடிந்தது. பில்லை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

அப்பா நம்பவில்லை. "இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கும்?" என்றார். மாத்திரையின் நிறம் மாறியது அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. அவருக்கு எழுத்து சரியாகத் தெரியாது. ரோஸ் நிறம் காலைக்கு, வெள்ளை இரவுக்கு என்றுதான் கணக்கு. புது அட்டைகளின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து ஒட்டினேன். தினமும் காலையில் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதினோம். மூன்று மாதம் கழித்து டாக்டர் அந்த நோட்டைப் பார்த்து, பழைய மருந்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்றார். மூன்று மாத சர்க்கரைச் சராசரி 8.6இலிருந்து 7.3க்கு இறங்கியிருந்தது. கடை மாறியதால் இறங்கியது என்று சொல்லமாட்டேன். அப்பா தினமும் மாத்திரை போட்டார், அதனால் இறங்கியது.

ஒரு தவறும் செய்தேன். 2021இல் அவசரத்தில் வேறொரு கடையில் "மெட்ஃபார்மின் 500" என்று மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன். அப்பா சாப்பிட்டு வந்தது எஸ்.ஆர். என்று போட்டிருக்கும், மெதுவாகக் கரையும் வகை. நான் வாங்கியது சாதாரண வகை. நான்கு நாள் வயிற்றுப்போக்கில் மனிதர் துவண்டுபோனார். பெயரும் மில்லிகிராமும் பொருந்தினால் போதாது, பின்னால் வரும் அந்த இரண்டு எழுத்துகளும் பொருந்த வேண்டும்.

அம்மாவின் தைராய்டு மாத்திரையை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. அதில் அளவு துளி மாறினாலும் உடம்பு காட்டிவிடும், ஒரே கம்பெனியில் இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிப்பு மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அங்கே மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிக்கடைகளில் 'ஜெனரிக்', அதாவது பிரபல கம்பெனிப் பெயர் இல்லாத அதே மருந்து, என்று தருவதெல்லாம் மலிவு இல்லை. சில அட்டைகளில் அச்சிட்ட எம்.ஆர்.பி. பிரபல கம்பெனி விலைக்குப் பக்கத்திலேயே இருக்கும், கடைக்காரருக்கு அடக்கவிலை மிகக் குறைவு. தள்ளுபடி அவர் மனம் வைத்தால்தான். எங்கள் பகுதிக் கடை ஒன்றில் முழு எம்.ஆர்.பி.யும் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

ஒரு மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனிக்கு மட்டும் இருக்கும் உரிமை, அதாவது காப்புரிமை, முடியும் தேதியைக் கவனிப்பதையும் அனுபவம்தான் கற்றுக்கொடுத்தது. வில்டாகிளிப்டினுக்கு மட்டும் மாதம் 1,400 ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. 2019 டிசம்பரில் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கின, செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. 2022இல் டாக்டர் எம்பாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையைச் சேர்த்தார். ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாய், நாளுக்கு ஒன்று. வீட்டில் மறுபடியும் பழைய முகவாட்டம். 2025 மார்ச்சில் அதன் காப்புரிமையும் முடிய, அடுத்த சீட்டிலேயே மாற்றி எழுதச் சொன்னோம். இப்போது மாத்திரை பத்து ரூபாய்க்குள் கிடைக்கிறது. பழைய சீட்டையே நீட்டிக்கொண்டிருந்தால் பழைய விலையைத்தான் கொடுத்திருப்போம்.

மக்கள் மருந்தகத்தில் பெரிய குறை இருப்புதான். நான்கு மருந்து கேட்டால் ஒன்று இருக்காது. மாத்திரை தீர பத்து நாள் இருக்கும்போதே போய்விடுவேன். விலையையும் பக்கத்துக் கடைகளையும் பார்க்க 'ஜன் ஔஷதி சுகம்' செயலி உதவுகிறது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு இதேபோல் மலிவு விலையில் விற்கும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்த பிறகு, ஒன்றில் இல்லாதது பெரும்பாலும் மற்றொன்றில் கிடைத்துவிடுகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதும் பில்லில் தெரிகிறது.

மணப்பாறைப் பக்கம் இருக்கும் சித்திக்கு இந்தச் செலவே இல்லை. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாகச் சுகாதாரத் தன்னார்வலர் மாதம் ஒருமுறை வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுத்துவிட்டு, பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிறார். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்யும் மாத்திரைகள் அவை. அதை வாங்க என் அப்பாவுக்குக் கூச்சம். நம் வரிப்பணத்தில் வரும் மருந்துக்கு என்ன கூச்சம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாதக் கடைசியில் டப்பாவைத் திறந்து பார்க்கும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. போன மாதம் திறந்தபோது எல்லா அட்டைகளும் காலி. நிலா ஒட்டிய அட்டையில் ஒரே ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது. அது அன்றிரவு போட வேண்டியது.