நடக்கும் குப்பையைப் பார்க்க ஒரு கிளிப் லென்ஸ்

டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்து மொபைல் கடைகளில் 300 ரூபாய்க்குள் கிடைக்கிற, போன் கேமராவைக் கவ்விக்கொள்ளும் மேக்ரோ லென்ஸ் பற்றித்தான் எழுதுகிறேன். நகை, பூ என்று படம் எடுக்க நினைப்பவர்களுக்கு இது லாயக்கில்லை, படத்தின் ஓரமெல்லாம் கலங்கலாகத்தான் வரும். நான் வாங்கியது மாடித் தோட்டத்துக்கு.

செடிச் சாற்றை உறிஞ்சும் வெள்ளை மாவுப்பூச்சி அப்பிய செம்பருத்திக் கிளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு அழுக்குத் துணுக்கு மட்டும் எழுந்து நடக்கும். வெறுங்கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். லென்ஸை மாட்டி, இரண்டு விரற்கடை தூரத்தில் போனைப் பிடித்தால் அந்தக் குப்பை மூட்டைக்கு அடியில் ஆறு கால், முன்னால் அரிவாள் மாதிரி வளைந்த இரண்டு தாடை. சின்ன வயதில் மணலில் குழியானை தோண்டி எடுத்தவர்களுக்கு இந்தத் தாடை சட்டென்று பிடிபட்டுவிடும், இரண்டும் பங்காளிகள்தான். இது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. தாடையால் மாவுப்பூச்சியைக் குத்தி உறிஞ்சிவிட்டு, காலித் தோலையும் மெழுகையும் முதுகில் ஏற்றிக்கொள்கிறது, அது விழாமல் இருக்க முதுகு மயிர்களின் நுனி கொக்கியாக வளைந்திருக்கும். மாவுப்பூச்சி விடும் தேன் மாதிரியான இனிப்பு நீருக்காகக் காவல் நிற்கிற எறும்புகளே இந்த வேஷத்தில் ஏமாறும்! ஆனால் இந்தக் குடும்பத்தில் எல்லாமே குப்பை சுமப்பதில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காக வளர்த்து வயலில் விடுகிறார்களே கிரைசோபெர்லா, அதன் புழுவுக்கு வெறும் முதுகுதான்.

இன்னொன்று, வெள்ளை வெள்ளையாக மெழுகு நூல் தொங்க நடந்தால் அது குப்பையே இல்லை, சொந்த உடம்பில் சுரந்தது. மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு அப்படித்தான் இருக்கும், அரிவாள் தாடை இருக்காது. இரண்டுமே நமக்கு வேண்டியவை, மருந்து அடித்துவிடாதீர்கள். பாத்ரூம் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டையான மண் கூடு வேறு கதை. இரண்டு முனையும் திறந்திருக்கும், எந்தப் பக்கத்திலிருந்தும் தலை எட்டிப் பார்க்கும். அது அந்துப்பூச்சிப் புழு. சிலந்தி வலை, முடி, கம்பளி என்று தின்னும். ஒட்டடை அடித்தால் போதும்.

இனி லென்ஸின் குறைகள். போன் உறையைக் கழற்றாமல் கிளிப் சரியாக உட்காராது. மூன்று நான்கு கேமரா உள்ள போனில் மெயின் கேமராவுக்கு நேராக வைப்பதற்குள் பூச்சி இலைக்கு அடியில் போய்விடும். போன் நிழலே பூச்சி மேல் விழும். காற்று அடித்தால் சுத்தம், ஒன்றும் தெரியாது. இலையோடு பறித்து வெள்ளைத் தாளில் வைத்து, வீடியோவாக எடுத்து அதில் நல்ல காட்சியை நிறுத்திக்கொள்வதுதான் எனக்குச் சரிப்பட்டு வந்தது. கிளிப்பின் ரப்பர் சீக்கிரமே கழன்று வந்துவிட்டது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "இந்த விலைக்கு இதுதான் சார்" என்றார்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் வாங்கலாம். காசு கொடுக்கும் முன் கடையிலேயே உங்கள் போனில் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.