கரு முட்டை என்று கடை முட்டையை விற்கிறார்கள்: மெஷினில் வைப்பதற்கு முன் ஒன்றிரண்டை உடைத்துப் பாருங்கள்

குஞ்சு பொரிக்க வைப்பதற்கென்று கரு முட்டை, அதாவது சேவலோடு சேர்ந்த கோழி இட்ட முட்டை, தேடி வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். சாப்பாட்டுக்கு விற்கிற பண்ணை முட்டையை, அதுவும் குளிர்பெட்டியில் கிடந்ததை, "எல்லாமே கரு கூடின முட்டை" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார் ஒருவர். விலையோ கடை முட்டையைப் போலப் பல மடங்கு. ஒரு குஞ்சுகூட வரவில்லை. அது போகட்டும், குஞ்சு வராததற்கு முட்டைக்குச் சூடு கொடுத்துப் பொரிக்க வைக்கிற என் மெஷின், அந்த இன்குபேட்டர்தான் காரணம் என்று அவர் சாதித்தார் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவு.

பெட்டி வந்தபோதே சில விஷயங்கள் இடித்தன. முட்டைகள் தொட்டால் சில்லென்று இருந்தன. வெளியே வைத்த சிறிது நேரத்தில் ஓட்டின் மேல் முத்து முத்தாக வேர்த்தது. அத்தனையும் ஒரே அளவு, ஒரே நிறம். திறந்துவிட்டு வளர்க்கிற கோழிகளின் முட்டை அப்படி இருக்காது. ஒன்று சிறிசு, ஒன்று பெரிசு, ஒன்று வெளுப்பு, ஒன்று லேசான பழுப்பு என்று கலந்துதான் வரும். ஒரு முட்டையில் அழித்த மை முத்திரையின் தடம்கூடத் தெரிந்தது. போன் செய்து கேட்டேன். "குளிர் வண்டியில வந்தது தம்பி, முட்டை கெடாம இருக்கணும்ல? ஒவ்வொண்ணையும் லைட் அடிச்சு, கரு இருக்கறதா பார்த்துதான் அனுப்பியிருக்கேன்" என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அடை வைக்காத முட்டையில் கரு இருக்கிறதா இல்லையா என்று டார்ச் அடித்துக் கண்டுபிடிக்க முடியாது. சூட்டில் வைத்து நான்கைந்து நாளாவது ஆன பிறகுதான் சிலந்தி வலை மாதிரி இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். அதற்கு முன் வெளிச்சத்தில் தெரிவது ஓட்டு விரிசலும், தடித்த முனையில் இருக்கிற காற்றறையும்தான். காற்றறை பெரிதாக இருந்தால் முட்டை பழசு. அவ்வளவுதான் டார்ச் சொல்லும்.

சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும் என்பது பலருக்குத் தெரியாது. இந்த வியாபாரம் ஓடுவதே அதனால்தான். முட்டைக்காக வளர்க்கிற பெரிய பண்ணைகளில் பெட்டைகள் மட்டும்தான் இருக்கும். அங்கே வருகிற முட்டை சத்தில் குறைந்தது இல்லை, சாப்பிட எந்தக் குறையும் இல்லை. ஆனால் குஞ்சுக்கு அது வெறும் முட்டை. நீங்கள் எத்தனை நாள் சூடு காட்டினாலும் கூமுட்டைதான். சேவலோடு சேர்ந்த பெட்டை என்றால் கதையே வேறு. ஒருமுறை சேர்ந்தால் விந்து அதன் உடம்புக்குள் இரண்டு வாரம்வரைகூட உயிரோடு இருக்கும், அந்த நாட்களில் இடுகிற முட்டைகளிலும் கரு கூடும்.

அடுத்தது குளிர். கரு கூடிய முட்டை வெளியே வரும்போதே அதற்குள் வளர்ச்சி தொடங்கியிருக்கும். ஏறக்குறைய ஒரு நாள் அது தாயின் உடம்புச் சூட்டில் இருந்திருக்கிறது. வெளியே வந்து சூடு 20 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி அப்படியே நின்றுகொள்ளும், கரு செத்துப்போகாது. அதனால்தான் குஞ்சுக்கான முட்டையை 13 முதல் 18 டிகிரி வரை வைத்திருந்து ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிடச் சொல்கிறார்கள். வீட்டுக் குளிர்பெட்டி சுமார் 4 டிகிரி. கொஞ்ச நேரம் என்றால் சில கருக்கள் தாங்கும், நாட்கணக்கில் போனால் பெரும்பாலும் தாங்காது. குளிரிலிருந்து எடுத்ததும் வேர்க்கிறதே, அந்த ஈரம் இன்னொரு தொல்லை. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. ஈரம் பட்ட ஓட்டின் வழியாகக் கிருமி சுலபமாக உள்ளே போய்விடும். கழுவி விற்கிற முட்டை என்றால் மேலே இருக்கிற இயற்கையான பூச்சும் போயிருக்கும்.

"குளிர்பெட்டி முட்டையில் குஞ்சு வந்தது" என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். சேவலோடு திரிந்த கோழியின் முட்டை சில நாள் குளிரில் இருந்தும் பொரித்திருக்கலாம். கடையில் வாங்கிய காடை முட்டை பொரிப்பதும் உண்டு, ஆண் காடை கூட்டத்தில் கலந்திருந்தால். ஆனால் விற்பவர் இந்த வீடியோக்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். எனக்கும் ஒன்று அனுப்பி வைத்தார்.

சரி, முட்டைகளை அறைச் சூட்டுக்கு வரவைத்து, மெஷினை 37.5 டிகிரியில் நிலைநிறுத்தி வைத்தேன். சந்தேகம் இருந்தது, ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. ஏழாம் நாள் டார்ச் அடித்தால் அத்தனையும் தெளிவு. ஒரு நாளம் இல்லை, ஒரு புள்ளி இல்லை. சொன்னதும் அவர் பதில் தயாராக இருந்தது: "உங்க மெஷின்ல சூடு ஏறி இறங்கியிருக்கும் தம்பி. கரண்ட் போயிருக்கும். முட்டைய ஒழுங்கா திருப்பி விட்டிருக்க மாட்டீங்க."

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். யார் வீட்டில்தான் கரண்ட் போகாது? யார்தான் ஒரு வேளை திருப்ப மறக்க மாட்டார்கள்? ஆனால் மெஷின் தப்பு செய்தால் அதற்கு அடையாளம் இருக்கும். கரு வளரத் தொடங்கிச் செத்தால் வெளிச்சத்தில் சிவப்பு வளையம் தெரியும், அல்லது உள்ளே ஓரிடத்தில் கறுத்து நிற்கும். கடைசி நாட்களில் ஈரப்பதம் சரியில்லை என்றால் முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். மெஷின் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் கருவைக் கொல்லத்தான் முடியும். இருந்த கருவை இல்லாமல் செய்ய முடியாது.

அதனால் தெளிவாகத் தெரிந்த முட்டைகளைத் தூக்கி எறியாமல் ஒவ்வொன்றாகத் தட்டில் உடைத்தேன். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், எல்லா முட்டையிலும் இருக்கும். கரு கூடாததில் அது சின்னதாக, ஒழுங்கில்லாத ஓரத்தோடு, அழுத்தமான வெள்ளையாக இருக்கும். கரு கூடியதில் கொஞ்சம் பெரிதாக, நடுவில் ஒரு வட்டம், சுற்றி ஒரு வளையம் என்று குறிவைக்கும் பலகை போலத் தெரியும். சூட்டில் வைத்து முதல் ஓரிரு நாளில் செத்திருந்தால் அந்த வெள்ளை காசளவுக்குப் பரவியிருக்கும். என்னுடைய முட்டைகள் எல்லாவற்றிலும் அதே சின்ன வெள்ளைப் புள்ளிதான். ஒன்றில்கூட வளையம் இல்லை. அந்தக் கோழிகள் சேவலைப் பார்த்ததே இல்லை. எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

உடைக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும், ஒன்றிரண்டு நாறத் தொடங்கியிருந்தன. மெஷினில் கிடந்த முட்டையைச் சமைக்கலாமே என்று யாரும் நினைக்காதீர்கள். ஓட்டில் கசிவோ கெட்ட வாடையோ தெரிந்தால் உடைத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம், உள்ளே காற்று சேர்ந்து கையிலேயே வெடிக்கலாம். பையில் போட்டுக் கட்டி, குலுக்காமல் எடுத்துப்போய்ப் புதைத்துவிடுங்கள்.

இதே சோதனையை முட்டை வந்த அன்றே செய்யலாம். வருவதில் இரண்டை உடையுங்கள். இரண்டிலும் வளையம் இல்லை என்றால் மீதி எல்லாமே கரு இல்லாதது என்று உறுதி ஆகாது, ஆனால் மூன்று வாரம் காத்திருப்பதற்கு முன் விற்றவரிடம் பேச ஒரு பிடி கிடைக்கும். இன்னும் நல்லது, பணம் கொடுக்கும் முன் இடத்துக்குப் போய்ச் சேவலைப் பார்ப்பது. முட்டை எந்தத் தேதியில் இட்டது, எங்கே வைத்திருந்தார்கள் என்றும் கேளுங்கள். நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று வடிவத்தை வைத்துப் பிரித்துத் தருவதாகச் சொல்கிறவரிடம் முட்டையே வாங்காதீர்கள்; ஓட்டின் வடிவத்துக்கும் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பதற்கும் சம்பந்தமில்லை. பழுப்பு ஓடு என்பதும் ஒன்றையும் காட்டாது, பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகளும் உண்டு. நூற்றுக்கு நூறு பொரிக்கும் என்று வாக்குக் கொடுக்கிறவர், ஒன்று அடை வைத்தே பார்க்காதவர், இல்லையென்றால் பொய் சொல்கிறவர்.

படங்களைப் பார்த்த பிறகு அவர் பேச்சு கொஞ்சம் இறங்கியது. பணம் திருப்பித் தர முடியாது, அதற்குப் பதிலாக இன்னொரு பெட்டி முட்டை இலவசமாக அனுப்புகிறேன் என்றார். அனுப்புங்கள், ஆனால் அனுப்பும் முன் அதே பெட்டியிலிருந்து நான் கை காட்டுகிற ஒரு முட்டையை வீடியோ அழைப்பில் உடைத்துக் காட்டுங்கள் என்றேன். பார்த்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தார். இப்போது என் எண்ணிலிருந்து போனால் எடுப்பதில்லை. நண்பர் ஒருவர் புது ஆள் மாதிரி பேசியபோது மட்டும், லைட் அடித்துப் பார்த்த கரு முட்டை நிறைய இருக்கிறது என்றாராம்.