டாக், பிஎஃப்யூ, ஃப்யூஷன்: எந்த பாலிமரேஸை எதற்கு எடுப்பது?

லேபில் புதிதாகச் சேருகிறவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி, "பிசிஆருக்கு எந்த பாலிமரேஸ் நல்லது?" என்பது. (பிசிஆர் என்பது ஒரு டிஎன்ஏ துண்டைச் சூடாக்கி ஆற்றும் சைக்கிள்களில் பல மடங்கு பெருக்கும் முறை, பாலிமரேஸ் அந்த நகலை எடுக்கும் நொதி.) ஜெல்லில் கோடாக வரப்போகிற பேண்டை (பெருகிய துண்டை) வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். பாக்டீரியா காலனியில் இன்செர்ட் (நாம் செருகிய டிஎன்ஏ துண்டு) இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் டாக் தாராளமாகப் போதும், விலை அதிகமான நொதியை அதற்கு எடுப்பது வீண் செலவு.

டாக், 1960களில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவுடையது. அதற்கு முன் ஈ.கோலை பாக்டீரியாவின் கிளெனோ துண்டை (அதன் பாலிமரேஸின் ஒரு பகுதியை) வைத்து பிசிஆர் செய்தவர்கள் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ட்யூபைத் திறந்து புதிதாக நொதி விட்டார்கள், ஏனென்றால் 95 டிகிரிக்குப் போனதும் அது செத்துவிடும். டாக் அந்தச் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இன்று யாரும் ஊற்றுப் பாக்டீரியாவை வளர்த்து எடுப்பதில்லை, ஜீனை ஈ.கோலையில் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். செல்லை உடைத்து 75 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் ஈ.கோலையின் சொந்தப் புரோட்டீன்களில் பெரும்பாலானவை திரிந்து அடியில் படிந்துவிடும், டாக் மேலே தெளிவில் நிற்கும். இவ்வளவு சுலபம் என்பதால்தான் பல லேப்கள் அதைச் சொந்தமாகவே செய்துகொள்கின்றன. காலனி பிசிஆருக்கு அந்த வீட்டுச் சமையலே போதும்.

டாக்கின் பெரிய குறை, தப்பான எழுத்தைச் சேர்த்துவிட்டால் திரும்பி வந்து வெட்டித் திருத்தத் தெரியாது. 1996இல் வந்த ஓர் ஒப்பீட்டில், 1 கிலோபேஸ் (ஆயிரம் எழுத்து) துண்டை 20 முறை இரட்டித்த பிறகு டாக் தந்த மூலக்கூறுகளில் சுமார் 16 சதவீதத்தில் பிழை இருந்தது, பிஎஃப்யூவில் 2.6 சதவீதம்தான். (அந்த ஆய்வைச் செய்தவர்கள் பிஎஃப்யூ விற்ற கம்பெனிக்காரர்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் பிஎஃப்யூதான் துல்லியம் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.) பேண்டை அப்படியே நேரடியாக சீக்வென்சிங்குக்கு (எழுத்து வரிசையைப் படிப்பதற்கு) அனுப்பினால் இந்தப் பிழைகள் பெரும்பாலும் கூட்டத்தில் கரைந்துவிடும். க்ளோன் செய்யும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அங்கே ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்து வளர்க்கிறோம்.

பிஎஃப்யூ, கறாராகச் சொன்னால், பாக்டீரியாவுடையதே அல்ல. இத்தாலியின் வுல்கானோ தீவில் எடுத்த பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் என்ற ஆர்க்கியாவுடையது (பாக்டீரியாவிலிருந்து வேறான ஒரு நுண்ணுயிர் வகை), தயாரிப்பது மட்டும் ஈ.கோலையில். திருத்தும் வேலையை ஒழுங்காகச் செய்யும், ஆனால் நத்தை. 1 கிலோபேஸுக்கு 2 நிமிடம் கணக்கு என்பதால் 3 கிலோபேஸ் துண்டுக்கு 30 சைக்கிள் போட்டால் நீட்டும் கட்டத்துக்கே 3 மணி நேரம் போய்விடும், டாக் என்றால் அதில் பாதி. அப்புறம், டெம்ப்ளேட்டில் (நகலெடுக்கும் மூல டிஎன்ஏவில்) யுராசில் இருந்தால் சாதாரண பிஎஃப்யூ அங்கேயே நின்றுவிடும், ஆகவே பைசல்ஃபைட் செய்த (அதாவது சைட்டோசின்களை யுராசிலாக மாற்றிய) டிஎன்ஏவுக்கு அதை எடுக்காதீர்கள். இன்று தனி பிஎஃப்யூவைக் காசு கொடுத்து வாங்க எனக்குப் பெரிய காரணம் எதுவும் தெரியவில்லை.

அந்த இடத்தைப் பிடித்தவை ஃப்யூஷன், கியூ5 வகை நொதிகள். திருத்தத் தெரிந்த பாலிமரேஸோடு, டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்னப் புரோட்டீனை ஒட்டவைத்திருக்கிறார்கள், அதனால் நழுவாமல் ஓடுகிறது. 1 கிலோபேஸுக்கு 30 விநாடி போதும், மேலே சொன்ன 3 மணி நேரம் முக்கால் மணி ஆகிறது. துல்லியத்தில் ஃப்யூஷன் டாக்கைவிட 50 மடங்கு, கியூ5 280 மடங்கு என்பது விற்பவர்கள் சொல்லும் கணக்கு. க்ளோனிங்குக்கு யோசிக்காமல் இவற்றில் ஒன்றை எடுக்கலாம். ஆனால் டாக்குக்கு வைத்த புரோகிராமை அப்படியே ஓட்டாதீர்கள்: 55 டிகிரியில் ஒட்டிய ப்ரைமர் (நகல் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) இவற்றின் பஃபரில் 60க்கு மேலேயே ஒட்டும், வெப்பநிலையை ஏற்றாவிட்டால் தேவையில்லாத பேண்டுகளெல்லாம் வரும். திருத்தும் நொதி எதுவானாலும் ப்ரைமரின் 3' முனையையே கடித்துத் தின்னும், அதனால் எல்லாவற்றையும் ஐஸில் கலந்து நொதியைக் கடைசியில் விடுங்கள். நொதி 50 சதவீத கிளிசராலில் இருக்கும். டிப்பை உள்ளே ஆழமாக விட்டால் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டே அரை மைக்ரோலிட்டர் கூடுதலாகப் போய்விடும், மேற்பரப்பை மட்டும் தொட்டு எடுங்கள்.

டிஏ க்ளோனிங் செய்கிறவர்களுக்கு மட்டும் கதை தலைகீழ். டாக் முனையில் தானாக ஒரு A சேர்க்கும், முனையில் T நீட்டியிருக்கும் டி-வெக்டருக்குத் (துண்டைச் சேர்த்து வளர்க்கும் டிஎன்ஏவுக்குத்) தேவை அதுதான். மற்றவை மொட்டை முனையாக விட்டுவிடும், அதனால் துண்டைச் சுத்தம் செய்து டாக்கும் டிஏடிபியும் (A எழுத்துக்கான மூலப்பொருள்) போட்டு 72 டிகிரியில் கொஞ்ச நேரம் வைக்க வேண்டியிருக்கும்.

எல்லாப் பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் ஜீனைப் பெருக்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவை எல்லாமே ஈ.கோலையில் தயாரானவை, அதன் டிஎன்ஏ துளியாவது நொதியோடு ஒட்டிக்கொண்டு வரலாம், லேபிலேயே செய்த டாக்கில் இது இன்னும் அதிகம். டெம்ப்ளேட் போடாத கன்ட்ரோலிலும் பேண்ட் வந்தால் தண்ணீரைத் திட்டுவதற்கு முன் அதைத் தனியாக சீக்வென்ஸ் செய்து பாருங்கள், ஈ.கோலை என்று வந்தால் டிஎன்ஏ குறைவு என்று உத்தரவாதம் தரும் தயாரிப்புக்கு மாறிவிடுங்கள்.